கரண்டை நிறுத்தாத நாள்

பர்கர் என்ற பண்டத்தை நான் இதுவரை தின்றதில்லை. மதுரையில் அதற்கென்று ஒரு கடை திறந்திருக்கிறார்கள். ஒருமுறை பஸ்ஸில் போகும்போது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து தின்றுகொண்டிருப்பதைப் பார்த்தேன். இறங்கிப் போய் வாங்கத் தோன்றவில்லை. ஆனால் அது எப்படி இருக்கும், உள்ளே என்ன வைத்திருப்பார்கள், எந்தப் பக்கமிருந்து கடிக்க வேண்டும் என்றெல்லாம் என் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் ஒன்றைக் கேட்டால் தெரியாது என்று சொல்லக் கூடாது. அவர்கள் மனம் சுருங்கிப்போகும்.

இந்த விசாரணையில் நீங்கள் முதலில் கேட்டது அந்த வீடியோ கேமைப் பற்றித்தான் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். நடுவில் நிறுத்தாமல் கேளுங்கள். இது ஒன்றும் பெரிய கதை இல்லை.

என் பெயர் தனுஷ்கோடி. ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில், பஸ் போகிற சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி என் வீடு இருந்தது. ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிற அறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சீசனில் வலது கை வெந்துபோனது. இதோ, இரண்டு விரல்கள் ஒட்டிப்போயிருப்பதைப் பார்க்கிறீர்கள். அதோடு கம்பெனி வேலை முடிந்தது. அதற்குப் பிறகு வீட்டிலேயே கருந்திரி போட ஆரம்பித்தேன். சரவெடியின் நடுவே ஓடி ஒவ்வொரு வெடிக்கும் தீயைக் கொண்டுபோகிற கறுப்புத் திரி அது. நூலை மருந்துக் கூழில் முக்கி, சட்டத்தில் சுற்றி, வெயிலில் காயப்போட்டு, அளவாக வெட்டிக் கட்டுக்கட்டாகக் கட்ட வேண்டும். வீட்டில் வைத்துச் செய்வது சட்டப்படி தப்பு. எங்கள் பக்கம் செய்யாத தெரு கிடையாது.

முக்குகிற வேலையை நான் செய்துவிடுவேன். வெட்டுவதும் கட்டுவதும்தான் ஒட்டிப்போன விரலுக்கு வரவில்லை. அதற்குச் சின்ன விரல்கள் வேண்டும்.

அந்த வருஷங்களில் பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று கெடுபிடி அதிகமாகியிருந்தது. கம்பெனி வேன்கள் பிள்ளைகளை ஏற்றுவதை விட்டுவிட்டன. நல்லதுதான், நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் தாய் தகப்பன் விடிந்ததும் வேனில் ஏறிப் போய்விடுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் அவர்கள் திரும்பும்வரை தெருவில் கிடப்பார்கள். வேலிக்கருவைக்குள் ஓணானைத் துரத்துவார்கள், கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள். எனக்குப் பதைக்கும். நான் யாரையும் வேலைக்குக் கூப்பிட்டதில்லை. அதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். நான் அவர்கள் விளையாட ஒரு பொருள் வாங்கி வைத்தேன், அவ்வளவுதான்.

விருதுநகர் பஜாரில் முகம்மது நூகு என்பவர் டேப், ரேடியோ, கடிகாரம் விற்கிற கடை வைத்திருந்தார். டிவியில் மாட்டி ஆடுகிற வீடியோ கேமும் அவரிடம் இருந்தது. கேசட்டுகளை மேசையில் பரப்பி வைத்தார்.

"ஆருக்கு அண்ணே, பெரிய பயலுகளுக்கா, சின்னப் பிள்ளைகளுக்கா?" என்று கேட்டார்.

"சின்னப் பிள்ளைகளுக்கு."

"அப்ப சுடுறது குத்துறது எல்லாம் வேண்டாம். இதைக் கொண்டு போங்க. வெளிநாட்டுல ஒரு பர்கர் கம்பெனிக்காரன், கடை விளம்பரத்துக்குன்னே போட்ட கேமு. தாவித் தாவிப் போறது. அங்கிட்டு இதெல்லாம் பழசாயி தூக்கிப் போட்டுட்டாக. இங்கன இப்பத்தான் வந்திருக்கு. பிள்ளைக எந்திரிக்கவே மாட்டாக. சீக்கிரத்துல முடியவும் முடியாது."

சீக்கிரத்தில் முடியாது என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. கட்டிக் கொடுக்கும்போது இன்னொன்றும் சொன்னார். "அடாப்டர் மட்டும் உள்ளூர்ச் சரக்கு அண்ணே. ரொம்ப நேரம் ஓட்டுனா கொதிச்சுப் போயிரும். அப்பப்ப அணைச்சுப் போடுங்க." நல்ல மனிதர். அவரை இந்த விஷயத்தில் இழுக்காதீர்கள்.

அந்த ஆட்டத்தில் ஒரு பையன் வருவான். தலையில் எள்ளு தூவிய பன்னைத் தொப்பி மாதிரிக் கவிழ்த்திருப்பான். பங்கோ என்று பெயர். அந்தக் கடையின் பெயரே பங்கோ பர்கர்தான். ஆட்டம் தொடங்கும்போது அந்தப் பெயர் பெரிய எழுத்தில் வரும், கூடவே ஒரு பாட்டு. பங்கோவின் கடையில் இருக்கிற பர்கரையெல்லாம் யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள். அவன் அதைத் தேடிப் போகிறான். வறுத்த உருளைக்கிழங்குக் குச்சிகள் ஏணியாக நிற்கும். கலர்த் தண்ணீர் ஆறாக ஓடும். பன்னெல்லாம் மேகமாக மிதக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே போக வேண்டும். விழுந்தால் ஒரு உயிர் போகும். மூன்று உயிர் போனால் முதலிலிருந்து ஆட வேண்டும். கடைசியில் ஐஸால் கட்டிய ஒரு அரண்மனை. அதைத் தாண்டினால் ஆட்டம் முடிந்தது.

ஒரு கட்டுத் திரி வெட்டிக் கட்டினால் ஓர் ஆட்டம் என்று விதி வைத்தேன். அது கூலி இல்லை. ஐந்தாறு பிள்ளைகள் ஒரே பெட்டிக்கு அடித்துக்கொண்டால் என்ன செய்வது? ஒரு ஒழுங்கு வேண்டும். கட்டு முடித்தவன் ஆடுவான், மற்றவர்கள் வெட்டிக்கொண்டே பார்ப்பார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் பையைக்கூட வீட்டில் வைக்காமல் நேராக ஓடி வருவார்கள்.

நன்றாக ஆடுகிறவன் காளீஸ்வரன். இருளம்மாளின் மகன். அவளுக்குப் புருஷன் இல்லை. கம்பெனியில் மத்தாப்புப் பிரிவில் வேலை பார்த்தாள், கை முழுக்க வெள்ளிப்பொடி மினுங்கிக்கொண்டே இருக்கும். "எம் பிள்ளைகளக் கொஞ்சம் பாத்துக்கோங்கண்ணே, நீக இருக்கீகங்கிற தைரியத்துலதான் வேனுல ஏறுறேன்" என்று அவளே வந்து சொன்னாள். காளீஸ்வரன் அதிகம் பேச மாட்டான். கை அவ்வளவு சுத்தம். மற்றப் பிள்ளைகள் ஒரு கட்டு முடிப்பதற்குள் இரண்டு முடித்துவிடுவான். அவன் தங்கை பாண்டிச்செல்விதான் வாயாடி.

"மாமா, அந்த ரொட்டிக்குள்ள என்ன மாமா வச்சிருக்கான்?"

"வடை மாதிரி ஒண்ணு."

"மெதுவடையா, ஆமவடையா?"

"ஆமவடை. ஆனா பருப்புல இல்ல, கறியில தட்டுனது."

"கறியிலயா?" என்று சொல்லிவிட்டுக் குனிந்து திரியை வெட்டுவாள். வாய் மட்டும் மென்றுகொண்டே இருக்கும். மறுநாளும் அதையே கேட்பாள், நானும் அதையே சொல்வேன். சில நாள் உள்ளே முட்டையும் இருக்கும் என்று சேர்த்துச் சொன்னேன்.

ஒருநாள் எல்லோரும் சோர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். என்னிடம் திரி வாங்குகிற கம்பெனிக்காரர் லோடு கேட்டு நெருக்கிக்கொண்டிருந்தார். அப்போதுதான் சொன்னேன், ஐஸ் அரண்மனையைத் தாண்டி ஆட்டத்தை முடிக்கிறவனை மதுரைக்குக் கூட்டிப் போய் நிஜ பர்கர் வாங்கித் தருவேன் என்று. காளீஸ்வரன் தலை நிமிர்ந்தான்.

"நான் முடிச்சா செல்வியையும் கூட்டிட்டு வரலாமா மாமா?"

"தாராளமா."

அவன் எவ்வளவு சீக்கிரத்தில் அந்த அரண்மனை வாசலுக்கு வந்து நின்றான் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. நூகு சொன்னதை நம்பியிருந்தேன். அன்று பிள்ளைகள் எல்லோரும் திரியைக் கீழே போட்டுவிட்டு டிவியைச் சுற்றி எழுந்து நின்றுவிட்டார்கள். நான் முன்னறைக்குப் போய் மெயின் சுவிட்சை இறக்கினேன்.

"கரண்டு போயிருச்சுப்பா" என்று அங்கிருந்தே சொன்னேன்.

ஆட்டம் அணைந்தால் மறுபடி முதலிலிருந்துதான். பிள்ளைகள் ஊளையிட்டார்கள், அப்புறம் உட்கார்ந்து திரியை எடுத்தார்கள். எங்கள் ஊரில் கரண்டு போவது புதிதில்லை. அதற்குப் பிறகு எப்போதெல்லாம் அவன் அரண்மனைக்கு வந்தானோ அப்போதெல்லாம் இறக்கினேன். அடாப்டர் கொதிக்கக் கூடாதே என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். முடிந்துபோன ஆட்டத்தை எந்தப் பிள்ளை திரும்ப ஆடும்? அவன் வராவிட்டால் மற்றவர்களும் வர மாட்டார்கள். பிறகு அவர்கள் கிணற்றுப் பக்கம்தானே போவார்கள்.

ஒருநாள் கரண்டு போனதும் காளீஸ்வரன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தான்.

"மாமா, பக்கத்துல ராக்காயி அத்தை வீட்டுல பேனு ஓடுது."

"அது வேற லைனுலே."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு மெயின் சுவிட்ச் இருந்த பக்கம் பார்த்தான். போய்க் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். புரிந்த பிறகும் மறுநாள் வந்தான். அதனால்தான் சொல்கிறேன், யாரையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

எனக்கும் ஒரு மகள் உண்டு. ஓவியா. படிப்புக்காக அவளும் அவள் அம்மாவும் விருதுநகரில் என் மைத்துனர் வீட்டில் இருந்தார்கள். லீவுக்கு வந்தால் அவளும் பங்கோ ஆட வேண்டும் என்று அடம்பிடிப்பாள். நான் பின்னறைக்குள் விட்டதில்லை. டிவியைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் கண் கெட்டுவிடும். நீங்கள் அதை வேறு மாதிரி எழுதப் போகிறீர்கள் என்று தெரிகிறது. காரணம் கண்தான்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. தீபாவளி நெருங்கிவிட்டது, ஆர்டர் மலைபோலக் கிடந்தது, காயப்போட வெயில் இல்லை. மருந்தில் முக்கியெடுத்த திரியையெல்லாம் பின்னறைக்குள் கொண்டுவந்து கயிறு கட்டித் தொங்கவிட்டேன். ஈரக்காற்று உள்ளே வராமல் ஜன்னலைச் சாத்திச் சாக்கை அடைத்தேன். சூடு வேண்டுமே என்று இரண்டு குண்டு பல்புகளைப் போட்டேன். காய்ந்த கட்டுகள் சுவரோரம், காயாதவை தலைக்கு மேலே. மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்தார்கள். காளீஸ்வரனும் பாண்டிச்செல்வியும் வந்தார்கள். அய்யாதுரையின் பிள்ளைகள் இரண்டு பேர், சோலைச்சாமியின் கடைசிப் பையன், ஆக ஐந்து பேர். இடம் போதாமல் நெருக்கி உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். கறுப்புத் திரி அவர்கள் தலைமுடியில் உரசிக்கொண்டிருந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ராக்காயி ஓடி வந்து, "அண்ணே, திரி பிடிக்கிற ஜீப்பு தெருவுக்குள்ள வந்திருச்சு" என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்கு ஓடினாள்.

திரியை அப்புறப்படுத்த நேரமில்லை. பிள்ளைகளைத் தெருவில் விட்டால் கையெல்லாம் கறுப்பு, யார் பார்த்தாலும் தெரிந்துவிடும். நான் பின்னறை வாசலில் நின்று சொன்னேன்:

"ஏலே, கத்தரியக் கீழ வையுங்க. வெட்டுனது போதும். ஆபீசருக வந்திருக்காக, நீங்க இங்கனயே இருங்க. காளீசு, நீ ஆடு. இன்னைக்குக் கரண்ட நிறுத்த மாட்டேன். முடிக்கிற வரைக்கும் ஆடு."

"நெசமாவா மாமா?" என்றாள் பாண்டிச்செல்வி.

காளீஸ்வரன் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது குறைவு. கரண்டு தானாகப் போகவில்லை என்று என் வாயாலேயே சொல்லிவிட்டேன் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்து ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டான். நான் கதவைச் சாத்திப் பூட்டுப் போட்டேன். பூட்டு தெரியாமலிருக்கக் கட்டிலை நிமிர்த்திச் சாய்த்து அதன் மேல் ஒரு போர்வையைப் போட்டேன்.

ஜீப்பில் வந்தது ஒரு அதிகாரியும் டிரைவரும். அந்த அதிகாரிதான் இப்போது ஓய்வுபெற்ற பிறகு உங்களிடம் வந்து பேசியிருக்கிறார் என்கிறீர்கள். அன்றைக்கே வயதானவர், மழையில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தார். முன்னறையில் நாற்காலி போட்டு, துடைத்துக்கொள்ளத் துண்டு கொடுத்தேன். காபி போட்டுக் கொடுத்தேன்.

"இங்கன திரி போடுறீகன்னு புகார் வந்திருக்கே" என்றார்.

"அதெல்லாம் விட்டாச்சு சார். கை வெந்ததுலருந்து விட்டாச்சு" என்று கையைக் காட்டினேன். அவர் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்தக் கை பல இடங்களில் எனக்கு உதவியிருக்கிறது.

உள்ளேயிருந்து ஆட்டத்தின் பாட்டு கேட்டது. "உள்ள ஆரு?" என்றார்.

"தெருப் பிள்ளைக சார். வீடியோ கேமு ஆடுதுக. மளைக்கு எங்கன போகும்?"

"எம் பேரனும் இப்படித்தான். சாப்பிடக்கூட எந்திரிக்க மாட்டான்" என்று காபியை ஊதிக் குடித்தார். நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். அவர் சொந்த ஊர் மல்லாங்கிணறு. அந்த வருஷம் மழை அங்கே கம்பங்கொல்லையை அழித்துவிட்டது என்று வருத்தப்பட்டார்.

அப்போது உள்ளே பாட்டு மாறியது. அதுவரை நான் கேட்டிராத பாட்டு. கல்யாண வீட்டு மேளம் மாதிரி வேகமாக, சந்தோஷமாக இருந்தது. கூடவே பிள்ளைகள் ஒரே குரலாகக் கத்தினார்கள். அவன் முடித்துவிட்டான் என்று எனக்கு விளங்கியது. அத்தனை நாளில் அந்த வீட்டில் அந்தப் பாட்டு கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஜெயிச்சுட்டாங்க போல" என்று அதிகாரி சிரித்தார். நானும் சிரித்தேன்.

வாசம் வந்தது அதற்குக் கொஞ்சம் பிறகு. கந்தக வாசம் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கும், வெளியூர்க்காரர்களுக்கு வித்தியாசம் தெரியாது. சும்மா இருக்கிற கந்தகத்தின் வாசம் வேறு, தீப்பிடித்த கந்தகத்தின் வாசம் வேறு. மருந்து அறையில் வேலை பார்த்தவனுக்கு அது தெரியும். அடாப்டர் உருகித் தொங்குகிற திரியில் பட்டிருக்க வேண்டும். ஈரத் திரி உடனே பற்றாது. முதலில் கனன்று புகையும். அந்தக் கனல் காய்ந்த கட்டுக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் எடுக்கும். அந்த நேரம் எவ்வளவு என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். அதிகாரியின் டம்ளரில் பாதிக் காபி இருந்தது.

அப்புறம் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிள்ளைகள் மறுபடி கத்தினார்கள்.

அதிகாரி டம்ளரைக் கீழே வைத்தார். "என்னய்யா, இம்புட்டுச் சத்தம்?"

"தோத்துட்டா இப்படித்தான் சார் கத்தும்க" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். இருமினார். பிறகு எழுந்துகொண்டார். குடை பிடித்து ஜீப் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். டிரைவர் சாவியைத் திருப்பினான், மழை ஈரத்தில் வண்டி கிளம்பவில்லை. மறுபடி திருப்பினான். நான் குடையை வைத்துவிட்டு, பின்பக்கம் போய்த் தள்ளினேன். சேற்றில் கால் வழுக்கியது. நல்ல கை, வெந்த கை இரண்டையும் கொடுத்துத் தள்ளினேன். வேகம் பிடித்ததும் வண்டி இரைந்துகொண்டு தெருமுனையில் திரும்பியது.

அப்புறம் வீட்டைப் பார்த்துத் திரும்பினேன். ஓடினேன் என்று முதலில் உங்கள் ஆட்களிடம் சொல்லியிருந்தேன். ஓடவில்லை. நடந்தேன். ராக்காயி வாசலில் நின்றுகொண்டிருந்தாள், ஓடினால் சந்தேகப்படுவாள். வாசலை மிதிப்பதற்குள் பின்சுவர் வெளியே வந்து விழுந்தது.

சத்தம் கேட்டு ஊர் கூடிவிட்டது. எல்லோரும் தண்ணீரும் மண்ணும் கொண்டுவந்து கொட்டினார்கள். நானும் கொட்டினேன். கதவு எரிந்து விழுந்த இடத்தில் பூட்டு கிடந்தது. நனைந்த துண்டில் அதைப் பொதிந்து எடுத்துப் பாழ்கிணற்றில் போட்டேன். யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் உள்ளேயிருந்து தூக்கி வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காளீஸ்வரன் கதவை ஒட்டியே கிடந்தான். தங்கை அவனுக்கு அடியில் இருந்தாள்.

"எப்படிண்ணே நடந்துச்சு?" என்று அய்யாதுரை என் சட்டையைப் பிடித்து உலுக்கினான். ஏதாவது சொல்லியாக வேண்டியிருந்தது. அடாப்டரைச் சொன்னால் அறை ஏன் மூடியிருந்தது என்ற கேள்வி வரும்.

"காளீஸ்வரன் கையில தீப்பெட்டி வச்சிருந்தான். சீசன் இல்லியா, வெடி கொளுத்திப் பாத்திருப்பான். நான் வேண்டாம்லேன்னு சொன்னேன்" என்றேன்.

செத்துப்போன பிள்ளைக்கு அதனால் என்ன நஷ்டம்? அவனை இனி யாரும் அடிக்கப் போவதில்லை. அப்படித்தான் அப்போது நினைத்தேன். இப்போதும் அதில் பெரிய தவறு தெரியவில்லை.

இருளம்மாள் சாயங்கால வேனில் வந்து இறங்கினாள். அதற்குள் அவளிடம் யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள். அவள் தன் பிள்ளைகளின் பக்கம் போகவில்லை. நேராக அய்யாதுரையின் பெண்சாதியிடம் போய்க் காலில் விழுந்தாள். பிறகு சோலைச்சாமி வீட்டுக்குப் போய் அங்கேயும் விழுந்தாள். அவர்கள் காலை இழுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் அவளோடு யாரும் பேசவில்லை. குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

திரி வைத்திருந்ததற்காக என் மேல் வழக்கு வந்தது. கொஞ்ச காலம் உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்தேன். மைத்துனர் என்னை விருதுநகர் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என் பெண்சாதியும் வரவில்லை. எரியாமல் மிஞ்சிய முன்னறையில் தங்கினேன். மறுநாள் காலையில் இருளம்மாள் விளக்குமாற்றோடு வந்து நின்றாள்.

"அண்ணே, எம் மகன் ஒங்க வீட்டக் கொளுத்திட்டான். ஒங்களையும் செயிலுக்கு அனுப்பிட்டான். ஒங்க குடும்பத்தயும் பிரிச்சுட்டான். நான் இதை என்ன செஞ்சுண்ணே தீர்ப்பேன்? கூட்டிப் பெருக்கி ஒரு வாய் ஆக்கியாச்சும் போடுறேன். வேண்டாம்னு சொல்லிராதீக."

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் எங்கே போவாள்? அந்தத் தெருவில் அவளோடு முகம் கொடுத்துப் பேச நான் ஒருவன்தான் இருந்தேன். "போனது போச்சு இருளம்மா. சின்னப் பய, தெரியாமச் செஞ்சுட்டான். நான் மனசுல வச்சுக்கல" என்றேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அவள் பிள்ளைகள் போனதற்கு அழுது நான் பார்த்தது அப்போதுதான். அன்றிலிருந்து கம்பெனி வேன் ஏறுவதற்கு முன்னால் வந்து சோறாக்கி வைத்துவிட்டுப் போகிறாள். சாயங்காலம் வந்து துணி துவைப்பாள். வருஷங்கள் ஓடிவிட்டன, ஒருநாள்கூடத் தவறியதில்லை. நன்றாகச் சமைப்பாள்.

ஒரே ஒருமுறைதான் அவனைப் பற்றிக் கேட்டாள். பாத்திரம் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அண்ணே, அந்த வெளையாட்ட அவன் கடைசி வரைக்கும் முடிச்சானா? முடிச்சா மருதைக்குக் கூட்டிப் போவீகன்னு ராவெல்லாம் சொல்லிட்டே இருப்பான்."

"இல்ல இருளம்மா, முடிக்கல" என்றேன். முடித்தான் என்று சொன்னால் ஏக்கம் கூடும்.

அந்த அதிகாரி உங்களிடம் சொன்னது சரி. கதவு என்ற வார்த்தை அவர் காதில் விழுந்திருக்கிறது. அவர் இத்தனை காலம் அதை ஏதோ ஆட்டத்துச் சத்தம் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு இருந்திருக்கிறார், பாவம். முழு வாக்கியமும் எனக்குக் கேட்டது. "மாமா, கதவத் தெறங்க, செல்விக்கு மூச்சு முட்டுது." காளீஸ்வரன் குரல்தான். மூன்று தடவை சொன்னான். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்து நான்கு எட்டு வைத்தால் கதவு. திறந்திருந்தால் ஐந்து பேரும் வெளியே வந்திருப்பார்கள், இருமிக்கொண்டு, கறுப்புக் கையோடு, அதிகாரியின் முன்னால். நான் எழவில்லை. அவர் காபியைக் குடித்து முடிக்கக் காத்திருந்தேன். அந்தப் பிள்ளைகளை நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், அதன் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதை இருளம்மாளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். தன் மகன்தான் செய்தான் என்று அவள் மனதைப் பழக்கிக்கொண்டுவிட்டாள். இனிமேல் போய் அதைக் கலைத்தால் உடைந்துபோவாள். அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?